'இல்லை' என்றாலும் அழியாது

இந்த நாட்டில் வாசல் கதவிலேயே கடிதம் போட ஒரு துவாரம் இருக்கும். அதற்கு மேல் சின்னதாக ஒரு வில்லை ஒட்டியிருப்பார்கள். பல வில்லைகளில் 'நே நே' என்று இரண்டு தடவை எழுதியிருக்கும். டச்சு மொழியில் நே என்றால் வேண்டாம். விளம்பரத் தாளும் வேண்டாம், ஓசியில் வரும் வட்டாரப் பத்திரிகையும் வேண்டாம் என்று தாள் போடுகிறவருக்குச் சொல்லும் ஏற்பாடு அது. ஹாலந்துக்கு வந்த புதிதில் அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தெருவில் பாதிக்கு மேல் நே குடும்பத்தார், எல்லாரும் பங்காளிகள் போலிருக்கிறது, நம்ம ஊர் மாதிரிதான் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். ஒருநாள் தோட்ட வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்க ஒரு கதவைத் தட்டினேன். திறந்த அம்மாளிடம், "மிஸஸ் நே?" என்றேன். அவர் வில்லையைத் தொட்டுக் காட்டி, "நே, நே" என்றார். நானும் கும்பிட்டு, "வணக்கம் மிஸஸ் நே நே" என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

இப்போது எனக்கென்று ஒரு கதவு இருக்கிறது. அதில் அந்த வில்லையை நான் ஒட்டவில்லை. எது வந்தாலும் வரட்டும் என்று விட்டிருக்கிறேன். கடிதத்துக்கு ஏங்கிய ஆள் நான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கத்தில் பிறந்து, ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு, லாரியில் கிளீனராகப் போய், பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் கை நீலமாகவும் சிவப்பாகவும் திரிந்து, பம்பாய், மஸ்கட், அப்புறம் ஒரு சரக்குக் கப்பலின் சமையல்கட்டு என்று போனவன். ஓர் இடத்தில் ஒரு வருஷம் இருந்தால் கால் அரிக்கும். என் மனைவி மல்லிகா எழுதிய கடிதங்கள் நான் விட்டுப் போன விலாசங்களுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தன. மஸ்கட்டுக்கு எழுதியது பம்பாய் போய், ஊருக்கே திரும்பி, அவள் கைக்கே வந்த கதை உண்டு. "என் லெட்டர நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன் மாமா" என்று தொலைபேசியில் சொன்னாள். சிரித்தாளா அழுதாளா என்று அந்த இரைச்சலில் தெரியவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு முதல் நிலையான விலாசத்தைக் கொடுத்தது ஒரு மின்னஞ்சல் மென்பொருள். இன்றைக்குக் கைப்பேசியில் இருப்பது போல் அல்ல. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. படம் கிடையாது, நிறம் கிடையாது, சுட்டியால் தொட ஒன்றும் கிடையாது. அதற்கு ஏதோ ஒரு மரத்தின் பெயர் வைத்திருந்தார்கள். திரையின் அடியில் இரண்டு வரி எப்போதும் நிற்கும். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று அந்த இரண்டு வரியே சொல்லிவிடும். புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பு போதும். இதைச் செய்தவர்கள் படிப்பாளிகள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் படிக்காதவன் ஒருவன் ஒருநாள் எதிரே வந்து உட்காருவான் என்று யோசித்துச் செய்திருந்தார்கள்.

எங்களுக்கு அதை அறிமுகம் செய்தவர் ரங்கராஜன். சின்னக் காஞ்சிபுரத்தில் தன் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு கணினி வைத்து மின்னஞ்சல் சேவை நடத்தினார். தொண்ணூறுகளின் பின்பாதி. தொலைபேசிக் கம்பி வழியாகச் சென்னையில் ஒரு பெரிய கணினியைப் பிடிப்பார். கம்பியில் மாட்டிய மோடம் பெட்டி கீச்சிட்டுக் கரகரத்து அடங்கும்வரை முன்னறையில் யாரும் பேசக் கூடாது. நான் கப்பலேறுவதற்கு முன்னால் மல்லிகாவையும் அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு வேண்டுமா என்று கேட்டேன்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு ரேஷன் கார்டுதானேப்பா?" என்றார் ரங்கராஜன். "ரெண்டு எதுக்கு? தண்டம். ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். நீ அங்கேர்ந்து உள்ளே வா, இவங்க இங்கேர்ந்து உள்ளே வரட்டும்."

எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. விலாசம் என்றால் வீடு. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் தனித்தனி வீடு எதற்கு? ஆக, நான் எங்கள் விலாசத்திலிருந்து எங்கள் விலாசத்துக்கே எழுதினேன். அவளும் அப்படியே. அனுப்புநரும் நாங்கள், பெறுநரும் நாங்கள். இதில் என்ன தவறு என்று பல மாதம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. மல்லிகா பிளஸ் டூ முடித்தவள், டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பாள். ஆனால் அந்தத் திரை ஏதாவது கேள்வி கேட்டால் கை நின்றுவிடும். ரங்கராஜன் அதற்கும் ஒரு வழி சொன்னார். "அது எது கேட்டாலும் ஆமாம்னு ஒய் அடிங்கோ. பொட்டி ஒண்ணும் கடிச்சுடாது."

நான் கப்பலிலிருந்து இறங்கி ஹாலந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழக ஊரில் நின்றுவிட்டேன். கப்பல் போய்விட்டது. விசா சில வாரத்தில் முடிந்தது. ஓர் இந்தோனேசியச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். நான்கு பேரோடு ஓர் அறை. கஷ்டம் என்று சொல்ல மாட்டேன், சாயப் பட்டறையைவிட வெந்நீர் அதிகம். தங்க அனுமதிக் காகிதம் இல்லாதவன் அங்கே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறான். யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்வது. இந்த ஊரா? இல்லை. வேலை செய்கிறாயா? இல்லை. உன் பெயரா இது? இல்லை. மல்லிகாவுக்கு எது கேட்டாலும் 'ஒய்'. எனக்கு எது கேட்டாலும் இல்லை என்கிற 'என்'.

ஊர் நூலகத்துக்குள் யாரும் போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். புத்தகப் பட்டியல் பார்ப்பதற்கென்று அங்கே பழைய திரைகள் வரிசையாக இருந்தன. கடை திறப்பதற்கு முன் காலையில் போய் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தேன். விம் என்ற நூலகர் வந்தார். சணல் நிறத் தாடி, காதில் வளையம்.

"என்ன புத்தகம் தேடுகிறீர்கள்?"

"புத்தகம் வேண்டாம். காஞ்சிபுரம் வேண்டும்."

விம் தலையாட்டிவிட்டுப் போனார். சிறிது நேரத்தில் மூன்று கனத்த புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோயில் கட்டடக் கலை. மரியாதைக்காகப் புரட்டினேன். வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. "இங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ரங்கராஜன் வீடு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ரங்கராஜன் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினேன். அதில் சென்னைக் கணினிக்குப் போகும் கட்டளைகள் வரிசையாக இருந்தன. விம் படித்துவிட்டு உரக்கச் சிரித்தார். நூலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டியல் திரையிலிருந்து வெளியே போக ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினார், சீட்டில் இருந்ததை அடித்தார். கறுப்புத் திரை வந்தது. அடியில் அந்த இரண்டு வரி. அந்த மென்பொருள் எங்கே போனாலும் அதே முகம்தான்.

அதன்பின் வாரத்துக்கு மூன்று காலை நான் நூலகத்தில் இருந்தேன். சனிக்கிழமை மத்தியானங்களில் மல்லிகா ரங்கராஜனின் முன்னறையில் இருந்தாள். முசரவாக்கம் பள்ளியில் அவள் சத்துணவு அமைப்பாளர். வார நாளில் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும், சனிக்கிழமைதான் ஷேர் ஆட்டோ பிடித்து வர முடியும். அந்தத் திரையில் தமிழ் வராது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினோம். தட்டுத்தடுமாறி எழுதினாலும் படிக்கும்போது குரல் கேட்கும். பாதியில் கரண்ட் போனால், அவள் எழுதியதை மென்பொருள் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை எடுத்துக் கொடுக்கும்.

அந்தக் கடிதங்களில் நான் பொய் எழுதினேன். பெரிய திட்டமெல்லாம் இல்லை. பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன் என்று எழுதினேன், நூலகத்தில் உட்கார்ந்திருந்ததால். கம்ப்யூட்டர் பக்கத்தில் வேலை என்று எழுதினேன், கண்ணெதிரே கம்ப்யூட்டர் இருந்ததால். சீக்கிரம் உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்றும் எழுதிவிட்டேன். அது எதனால் என்று எனக்கே தெரியாது. ஒரு திங்கட்கிழமை திறந்தால் அவள் கடிதம்: "மாமா, ஹெச்.எம். அம்மா கிட்ட சொல்லிட்டேன். இந்த மாசம் முடிஞ்சதும் ராஜினாமா லெட்டர் குடுத்துடுவேன். என் எடத்துக்கு ஐயம்பேட்டைல ஒரு பொண்ணு வருதாம். அங்க குளிருக்கு இன்னா துணி எடுத்துக்கினு வரணும், சொல்லு."

எங்கள் குடும்பத்தில் அரசாங்கத்தின் சம்பளம் வாங்கிய முதல் ஆள் மல்லிகா. அந்த வேலைக்காக அவள் அப்பா மூன்று வருஷம் நடந்திருக்கிறார். விட்டால் திரும்பக் கிடைக்காது. இங்கே அவளை அழைக்க என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. நான் ஊருக்குப் போனால் திரும்பி வரவும் முடியாது. அன்றைக்கே உண்மையை எழுத ஆரம்பித்தேன். விசா முடிந்ததை எழுதினேன். பாத்திரம் கழுவுவதை எழுதினேன். நான்கு பேர் அறையை எழுதினேன். 'அதனால நீ' என்று எழுதியபோது கை ஓடவில்லை. அடி வரியைப் பார்த்தேன். கடிதத்தை ஒத்திவைக்க ஒரு பொத்தான் இருந்தது. இத்தனை நாள் அதைத் தொட்டதில்லை. அழுத்தினேன். கடிதம் போய் எங்கேயோ ஒளிந்துகொண்டது. மூச்சு வந்தது.

புதன்கிழமை போனேன். புதுக் கடிதம் எழுதும் பொத்தானை அழுத்தியதும் திரை ஒரு கேள்வி கேட்டது. 'ஒத்திவைத்த கடிதத்தைத் தொடர்கிறீர்களா?' பக்கத்திலேயே ஓர் அடைப்புக்குறி: 'இல்லை என்றாலும் அது அழியாது'. இரண்டு தடவை படித்தேன். எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு, இந்தக் கேள்வியைக் கண்டு ஒருத்தன் பயப்படுவான், அவனுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லிவைப்போம் என்று எழுதியிருக்கிறான். இந்த நாட்டில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. 'இல்லை' என்று சொன்னால் இங்கே அடுத்து என்ன நடக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் 'என்' அழுத்தினேன். கம்பளிச் சட்டையைப் பற்றி ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். வெள்ளிக்கிழமையும் அதே கேள்வி, அதே 'என்'. அந்தக் கேள்விக்குக் கோபமே வராது. எத்தனை தடவை வேண்டாம் என்றாலும் அடுத்த தடவை அதே குரலில் கேட்கும்.

எனக்கு உறைக்காத ஒன்று இருந்தது. ஒத்திவைத்த கடிதம் நான் உட்கார்ந்திருக்கும் திரைக்குள், என் பக்கத்தில், எனக்கு மட்டும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது சென்னையில், எங்கள் இருவருக்கும் பொதுவான அந்த ஒரே வீட்டில் இருந்தது. அடுத்த நாள் சனிக்கிழமை. மல்லிகா ரங்கராஜனின் முன்னறையில் உட்கார்ந்து, பதில் எழுதலாம் என்று பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அவளிடமும் அதே கேள்வி வந்திருக்கிறது. எது கேட்டாலும் ஒய்.

நான் அடுத்து உட்கார்ந்த திங்கட்கிழமை மாதத்தின் கடைசி நாள். அங்கே மத்தியானம் ஆகியிருக்கும். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்திருப்பாளோ, இன்னும் கொடுக்கவில்லையோ. எழுதி முடித்து அனுப்பிவிடுவது என்று தீர்மானித்து, கேள்வி வந்ததும் முதல் தடவையாக 'ஒய்' அழுத்தினேன். என் கடிதம் வந்தது. 'அதனால நீ' என்ற இடத்துக்குக் கீழே போனேன். அங்கே நான் எழுதாத வரிகள் இருந்தன.

"வேலைய விடாத. அதான எழுத வந்த? அத்த எழுத உனக்கு இவ்ளோ நாளா? விடல மாமா. ஹெச்.எம். அம்மா கிட்ட புருஷன் கூப்பிடல, நானும் போவலன்னு திங்கக்கெழம சொல்லிடறேன். அவங்க சிரிப்பாங்க. நீ தட்டு கழுவறதுல எனக்கு இன்னா கேவலம்? நான் தெனம் எத்தினி தட்டுக்குச் சோறு வெக்கிறேன், கழுவ ஆள் வரலன்னா நானேதான் கழுவறேன். நான் பொங்கிப் போடறேன், நீ கழுவற. ஒரே வேலைதான், கொஞ்சம் தூரம். பொய் சொன்னதுக்குத்தான் கோவம். அத்த நேர்ல வச்சிக்கறேன். ரங்கராஜன் சார் பின்னாடி நின்னுக்கினு இன்னாமா அழுவற லைன் கட்டான்னு கேக்கறாரு. இத்த அனுப்பல. நீ வச்ச எடத்துலயே வச்சிடறேன்."

நான் நூலகத்தில் அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. விம் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பிறகு அவரிடம்தான் விசாரித்தேன். இதை யார் செய்தது? அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சில பேர் சேர்ந்து செய்தது, யாரும் இலவசமாக உபயோகிக்கலாம் என்றார். உதவிப் பக்கத்தின் அடியில் அவர்களுக்கு எழுத ஒரு விலாசம் இருந்தது. என் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒத்திவைத்த கடிதத்தை என் மனைவி படித்துவிட்டாள், அதற்குப் பூட்டு இல்லையா என்று முதலில் குறை சொன்னேன். அடுத்த வரியில், பூட்டு வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். கடைசியில், அந்த அடைப்புக்குறியை எழுதியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்று முடித்தேன்.

பதில் வரும் என்று நினைக்கவில்லை. நான்காம் நாள் வந்தது. அவர்களில் ஒரு பெண்மணி எழுதியிருந்தார். ஒரே கணக்கில் இரண்டு பேர் குடித்தனம் செய்வார்கள் என்று நாங்கள் கற்பனை செய்யவே இல்லை, இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு வைத்துக்கொள்வதுதான் முறை என்று பொறுமையாக விளக்கியிருந்தார். பிறகு, அந்த அடைப்புக்குறி வேண்டுமா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது, யாரும் படிக்க மாட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள், உங்கள் கடிதத்தை அவர்களிடம் காட்டினேன் என்று எழுதியிருந்தார். கடைசி வரி ஒரு கேள்வி: உங்கள் மனைவி என்ன எழுதினார்? அதற்கு நான் பதில் போடவில்லை. மல்லிகாவின் வரிகளை ஆங்கிலத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து அவர் கேட்ட கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அவர் இதைப் படிக்கப் போவதில்லை, தெரியும்.

இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளும் யோசனையை மல்லிகாவிடம் சொன்னேன். "ஏன், வீட்ட பாகம் பிரிக்கணுமா?" என்று எழுதினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப்பின் நாங்கள் ஒருவருக்கொருவர் கடிதம் அனுப்பிக்கொள்ளவே இல்லை. அந்த ஒத்திவைத்த கடிதத்திலேயே அவளுக்குக் கீழே நான், எனக்குக் கீழே அவள் என்று எழுதிக்கொண்டே போனோம். பெறுநர் இடம் காலியாகவே இருந்தது. அனுப்பினால்தானே பொய் சொல்லத் தோன்றும். அதில் நான் பொய் எழுதியதில்லை. கடை மாறியதை எழுதினேன். போலீஸ் பிடித்து மூன்று வாரம் உள்ளே வைத்ததை, வெளியே வந்து முதல் காலையில் எழுதினேன். நான் வராத அந்த வாரங்களில் அவள் சனிக்கிழமை தவறாமல் ஒவ்வொரு வரி எழுதி வைத்திருந்தாள். 'இன்னிக்கும் இல்ல.' 'இன்னிக்கும் இல்ல. வந்தா ஒரு புள்ளியாவது வெச்சிட்டுப் போ.'

பல வருஷம் கழித்து எனக்குக் காகிதம் கிடைத்தது. அந்தக் கதை வக்கீல்களுடையது, விட்டுவிடுகிறேன். ஊருக்குப் போனேன். மல்லிகா கோபத்தை நேரில் வைத்துக்கொண்டாள், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். இப்போது அழைத்துக்கொள்கிறேன், இந்தத் தடவை உண்மை என்றேன். "ரிட்டயர் ஆவறதுக்குள்ள நான் எங்கியும் வரல மாமா. நீயும் அங்க விட்டுட்டு வந்து இங்க இன்னா பண்ணுவ? ஆறு மாசத்துல உனுக்குக் கால் அரிக்கும்" என்றாள். என்னை அறிந்தவள். வருஷத்துக்கு ஒரு தடவை போய் இருந்துவிட்டு வருவது என்று ஆயிற்று. இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த முதல் பயணம் முடிந்து நான் ஹாலந்துக்குத் திரும்பி வந்த சில மாதங்களில், சென்னையில் அந்தப் பழைய கணினியை நிறுத்தப் போகிறார்கள் என்று ரங்கராஜன் மல்லிகாவிடம் சொன்னார். அவர் கடையிலேயே அப்போது ஆறு கணினிகள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் படங்களோடு மின்னஞ்சல், யார் வேண்டுமானாலும் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு மட்டும் அவர் பழைய கறுப்புத் திரையை ஒரு மூலையில் விட்டுவைத்திருந்தார். கடைசிச் சனிக்கிழமை எனக்குக் காலை, அவளுக்கு மாலை என்று பிரித்துக்கொண்டோம். நான் முதலில் எழுதுவது, அவள் பிறகு வந்து எழுதிவிட்டு முழுவதையும் அச்செடுத்துக்கொள்வது.

அந்த மென்பொருளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே கணக்கை இரண்டு இடத்தில் திறந்தால், பின்னால் வந்தவருக்கு வழிவிட்டு முன்னால் இருந்தவரை நிறுத்திவைக்கும். எங்களுக்கு அது நடந்ததே இல்லை, நேரம் அப்படி அமைந்ததில்லை. அன்று காலை ஒன்பதரைக்கு உள்ளே போய், கடிதத்தைத் திறக்கும் முன் பழைய அஞ்சல்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் அடியில் ஒரு வரி தோன்றியது. 'வேறொருவர் இதைத் திறந்திருக்கிறார். இனி நீங்கள் படிக்க மட்டுமே முடியும்.'

அவள் மாலைவரை பொறுக்காமல் மத்தியானமே வந்துவிட்டாள். நான் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கமாக வந்த விம் அசையாத திரையைப் பார்த்துவிட்டு, "ஏதாவது கோளாறா?" என்று கேட்டார்.

"இல்லை. வீட்டில் என் மனைவி இருக்கிறாள்" என்றேன்.

அவள் எழுதி முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.